ஆராதனைக்கு எந்த வாத்தியம்? முடிவெடுக்கப்போகும் சபைக்கு ஓர் ஒப்பீடு

பழைய ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து போயிருக்கும். அல்லது புது ஆலயக் கட்டட வேலை முடியும் கட்டத்தில் இருக்கும். அல்லது வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் டிரம் செட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் சபைக் கமிட்டியில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வாலிபர்கள் கீபோர்டு, கிதார், டிரம்ஸ் என்று கேட்பார்கள். பெரியவர்கள் ஆர்கன் போதும் என்பார்கள். "புதிய ஏற்பாட்டில் வாத்தியம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று ஒருவர் எழுந்து நிற்பார். எல்லார் கையிலும் வேதாகமம் இருக்கும், எல்லாரும் வசனமும் காட்டுவார்கள்.

நூறு பேர் வரை கூடும் ஒரு சாதாரணத் தமிழ் சபையை மனதில் வைத்து எழுதுகிறேன். அப்படிப்பட்ட சபைக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: வாத்தியமே இல்லாமல் பாடுவது, ஒரே ஒரு வாத்தியத்தை வைத்துக்கொள்வது, முழு இசைக்குழு அமைப்பது, நம் மண்ணின் வாத்தியங்களைக் கொண்டுவருவது. இவற்றை ஒப்பிட நான் கையில் எடுக்கும் அளவுகோல் ஒன்றுதான். வாத்தியம் வந்த பிறகு சபையார் அதிகமாகப் பாடுகிறார்களா, குறைவாகப் பாடுகிறார்களா? இந்த அளவுகோலை நான் வேதத்திலிருந்துதான் எடுத்தேன். அதனால் முதலில் வேதம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

பழைய ஏற்பாட்டில் இரண்டு விதமான இசை

சங்கீதம் 150ஐ எல்லாருக்கும் தெரியும். எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம் என்று அடுக்கிக்கொண்டே போகும். இதை மட்டும் படித்தால் விவாதம் முடிந்தது போலத் தோன்றும். ஆனால் பழைய ஏற்பாட்டை வரிசையாகப் படித்தால் இரண்டு வேறுவேறு இடங்களில் இசை ஒலிப்பதைப் பார்க்கலாம்.

ஒன்று, வெட்டவெளியில். செங்கடலைக் கடந்ததும் மிரியாம் தம்புரு என்ற தோல் கட்டிய கைமேளத்தைக் கையில் எடுக்கிறாள், மற்றப் பெண்கள் அவள் பின்னே தம்புருக்களோடும் நடனத்தோடும் புறப்படுகிறார்கள் (யாத்திராகமம் 15:20). மேட்டிலிருந்து இறங்கி வரும் தீர்க்கதரிசிகளின் கூட்டத்துக்கு முன்னால் வாத்தியங்கள் வாசிக்கப்படுகின்றன (1 சாமுவேல் 10:5). தாவீது முதல் முறை உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவரும்போது இஸ்ரவேல் எல்லாம் சேர்ந்து கொட்டி முழக்குகிறது (2 சாமுவேல் 6:5). இங்கே யாரும் யாரையும் நியமிக்கவில்லை. மகிழ்ச்சி பொங்குகிறது, கைக்குக் கிடைத்ததை எடுத்து வாசிக்கிறார்கள்.

இன்னொன்று, பலிபீடத்துக்கு முன்னால். பெட்டியை இரண்டாம் முறை கொண்டுவரும்போது ஆலயப் பணிக்கென ஒதுக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியரைத் தாவீது பெயர் சொல்லி நியமிக்கிறான். 1 நாளாகமம் 15ஆம் அதிகாரத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஏமான், ஆசாப், ஏத்தான் மூவரும் வெண்கலக் கைத்தாளம். ஒரு வகை நரம்பு வாத்தியத்துக்கு எட்டுப் பேர், இன்னொரு வகைக்கு ஆறு பேர். பாட்டுக்குத் தலைவன் கெனானியா. ஏன் அவன் என்பதற்கும் அங்கேயே காரணம் இருக்கிறது: அவனுக்கு அதில் தேர்ச்சி இருந்தது.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். பதினான்கு நரம்பு வாத்தியங்களுக்கு மூன்று கைத்தாளம். மிரியாமின் கையில் இருந்த தோல் வாத்தியம் ஆலயப் பணிக்கான பட்டியல்களில் வருவதே இல்லை. யூதரின் மிஷ்னா நூல், கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது, இரண்டாம் ஆலயத்தின் முறையை நினைவுகூர்கிறது. அதன்படி ஒரு வகை நரம்பு வாத்தியம் ஒன்பதுக்குக் குறையக்கூடாது, மேலே எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். கைத்தாளம் மட்டும் ஒன்றே ஒன்று. மேடையில் நிற்கும் லேவியர் பன்னிரண்டு பேருக்குக் குறையக்கூடாது. 1 நாளாகமம் 25இல் தேர்ச்சி பெற்ற 288 பேர் 24 வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். வகுத்துப் பார்த்தால் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர்தான். அவ்வளவு பெரிய ஆலயத்திலும் ஒரு முறைக்கு நின்ற குழு நம் ஊர்ப் பாடகர் குழு அளவுதான். சத்தத்தைக் கூட்டுவதற்காக அவர்கள் நிறுத்தப்படவில்லை. பாட்டின் சொற்களைத் தாங்குவதற்காக நின்றார்கள்.

எசேக்கியா ராஜா ஆலயத்தைச் சுத்திகரித்த நாளில் இன்னொரு விஷயம் தெளிவாகிறது (2 நாளாகமம் 29:25–28). வாத்தியங்களின் ஏற்பாடு கர்த்தர் தம் தீர்க்கதரிசிகளைக்கொண்டு கொடுத்த கற்பனை என்று அங்கே எழுதியிருக்கிறது. சர்வாங்க தகனபலி தொடங்கும்போது பாட்டும் பூரிகையும் தொடங்குகின்றன, பலி முடியும்வரை நீடிக்கின்றன. அதாவது ஆலய இசை பலியோடு கட்டப்பட்டது, லேவியரிடம் ஒப்படைக்கப்பட்டது, கட்டளையின் பேரில் நடந்தது. வாத்தியம் கூடாது என்பவர்களின் வலுவான வாதம் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. பலி முடிந்துவிட்டது, லேவியப் பணியும் முடிந்துவிட்டது, அப்படியானால் அதோடு சேர்ந்த வாத்தியமும் முடிந்துவிட்டது என்பார்கள். லேசாகத் தள்ளிவிட முடியாத வாதம் அது.

அப்புறம் ஆமோஸ். பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, உன் வீணைகளின் ஓசையைக் கேட்கமாட்டேன் என்கிறார் கர்த்தர் (5:23). அடுத்த வசனமே நியாயமும் நீதியும் புரண்டு ஓடட்டும் என்கிறது. வாத்தியத்தின் தரத்தில் அங்கே குறை இருந்ததாகத் தெரியவில்லை. வாசித்தவர்கள் ஏழையை மிதித்தார்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வசனம் கமிட்டி மேசையில் இருக்க வேண்டும்.

புதிய ஏற்பாட்டின் மௌனம்

இயேசுவும் சீஷரும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள். பவுலும் சீலாவும் சிறையில் நள்ளிரவில் பாடினார்கள். கொலோசெயர் 3:16 சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லச் சொல்கிறது. சபை கூடிவந்து வாத்தியம் வாசித்ததாக ஒரு காட்சியும் இல்லை. அதே சமயம் வாசிக்காதே என்ற கட்டளையும் இல்லை.

இந்த மௌனத்தை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். ஆராதனையில் வேதம் கட்டளையிட்டதை மட்டுமே செய்ய வேண்டும் என்பது ஒரு நிலை. சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த பல சபைகளின் நிலை இது. வேதம் தடுக்காததை, பக்திவிருத்திக்கு உதவுமானால் செய்யலாம் என்பது இன்னொரு நிலை. லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் இந்தப் பக்கம். உங்கள் சபை இதில் எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் பேசிவிடுங்கள். இதைப் பேசாமல் டிரம்ஸ் நல்லதா கெட்டதா என்று பேசினால் பேச்சு முடியவே முடியாது.

வெளிப்படுத்தல் 5:8இல் மூப்பர்கள் கையில் சுரமண்டலம் இருக்கிறதே என்று வாத்தியத்துக்கு ஆதரவாகச் சிலர் காட்டுவார்கள். அதே வசனத்தில் தூபவர்க்கம் நிறைந்த பொற்கலசமும் இருக்கிறது. ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டு மற்றதை அடையாளம் என்று சொல்வது நேர்மையாகாது. மறுபக்கத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. பேதுருவும் யோவானும் பெந்தெகொஸ்தேக்குப் பிறகும் ஜெபவேளையில் தேவாலயத்துக்குப் போனார்கள் (அப்போஸ்தலர் 3:1). அங்கே லேவியரின் இசை ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. வாத்தியத்தோடு சேர்ந்த துதி தவறு என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்த வாசலை மிதித்திருப்பார்களா?

எனக்குத் தீர்மானமாகப்படுவது 1 கொரிந்தியர் 14. அதில் பவுல் வாத்தியத்தையே உதாரணமாக எடுக்கிறார். குழலோ சுரமண்டலமோ தொனியில் வித்தியாசம் காட்டாவிட்டால் என்ன வாசிக்கப்படுகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார். ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன் என்கிறார். கடைசியில் சகலமும் பக்திவிருத்திக்கு ஏதுவாகச் செய்யப்பட வேண்டும் என்கிறார். கொலோசெயரின் "ஒருவருக்கொருவர்" என்பதையும் இதோடு சேர்த்தால், பக்கத்தில் இருப்பவர் பாடுவது என் காதில் விழ வேண்டும், அதன் கருத்து எனக்குப் புரிய வேண்டும். அதற்கு உதவும் வாத்தியத்தை வைத்துக்கொள்ளலாம். அதைக் கெடுக்கும் வாத்தியம் எவ்வளவு அழகாக ஒலித்தாலும் ஆராதனைக்கு வேண்டாம். நான் நிற்கும் இடம் இதுதான்.

வாத்தியம் இல்லாமல்

இதை ஏதோ சிறு கூட்டத்தின் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சபையின் முதல் பல நூற்றாண்டுகள் வாத்தியம் இல்லாமல்தான் கழிந்தன. அன்று வாத்தியம் என்றாலே புறமதப் பலிகளும் நாடக அரங்கும் குடி விருந்தும்தான் நினைவுக்கு வந்தன. ஆரம்பகாலச் சபை ஆசிரியரான அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட் அதனால் எச்சரித்தார். நான்காம் நூற்றாண்டின் பெரிய பிரசங்கியான யோவான் கிறிசோஸ்தொம், வாத்தியங்களை இஸ்ரவேலரின் பலவீனத்தைக் கருதி தேவன் அனுமதித்தார் என்று விளக்கினார். கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மரபில் இன்றும் மனிதக் குரல்தான் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரசங்கியான ஸ்பர்ஜன் ஊழியம் செய்த லண்டன் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆர்கன் இல்லாமல் பாடினார்கள். அமெரிக்காவில் இந்தக் கேள்வியால் சபைகளே பிரிந்தன. 1906ஆம் ஆண்டின் சமயக் கணக்கெடுப்பில் வாத்தியம் சேர்க்காத கிறிஸ்துவின் சபைகள் தனிப் பிரிவாகப் பதிவாகின. நம் பக்கத்திலும் பிரதரன் சபைகள் பலவற்றில் அப்பம் பிட்கும் வேளையில் குரலால் மட்டுமே பாடுவார்கள்.

இந்த வழியின் பெரிய பலம், எல்லாருடைய குரலும் தேவைப்படும். ஒளிந்துகொள்ள இடமில்லை. நூறு பேர் ஒரு சிமெண்ட் தரைக் கட்டடத்தில் சேர்ந்து பாடும்போது அந்தச் சுவர்களே குரலைத் திருப்பித் தரும். புத்தகம் பார்த்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அடி சொல்லிக் கொடுத்துப் பாடலாம். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை அலை அலையாகத் தொடர்ந்து பாடும் முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. மின்சாரம் போனாலும் ஆராதனை நிற்காது. செலவும் இல்லை.

பலவீனம் சுருதிதான். நான்கு சரணம் பாடி முடிப்பதற்குள் சுருதி இறங்கிவிடும். ஆரம்பிப்பவர் மேல் கட்டையில் எடுத்துவிட்டால் சரணத்தில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். புதுப் பாட்டைக் கற்றுக்கொடுப்பதும் மெதுவாக நடக்கும். நல்ல காதுள்ள இரண்டு மூன்று பேரையாவது பழக்காமல் இந்த வழியில் இறங்கக்கூடாது. பாட்டு தொடங்கும் முன் சுருதிப் பெட்டியில் ஆதார சுருதியை மட்டும் கேட்டு நிறுத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரே ஒரு வாத்தியம்

ஆர்மோனியமோ ஆர்கனோ சாதாரண முறையில் வாசிக்கப்படும் கீபோர்டோ. இன்று பக்திக்கு அடையாளமாகத் தெரியும் ஆர்கன் சபைக்குள் வந்தது மிகவும் தாமதமாகத்தான். 757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பிராங்கு மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அப்போது அது அரண்மனைக் கருவி. அதன் பிறகு மெல்ல மெல்ல மேற்கத்திய ஆலயங்களுக்குள் நுழைந்தது. 1527இல் சூரிக் நகரின் பெரிய ஆலயத்திலிருந்து ஆர்கனைக் கழற்றியே எடுத்தார்கள். அந்நகரின் சீர்திருத்தவாதி சுவிங்லி நல்ல இசைக்கலைஞர், பல வாத்தியங்கள் வாசிப்பவர். அவர்தான் ஆராதனையில் அது வேண்டாம் என்றார். ஆகவே "ஆர்கன் பரிசுத்தமானது, டிரம்ஸ் உலகத்துக்குரியது" என்று பேசுவதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. ஒரு தலைமுறை சந்தேகப்பட்ட வாத்தியத்தை அடுத்த தலைமுறை பரம்பரைச் சொத்தாக நினைப்பது சபையில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

சபைப் பாட்டுக்கு இந்த வழி எளிதாகப் பொருந்துகிறது. சுருதி கீழே இறங்காது. முன்னிசை கேட்டதும் எப்போது தொடங்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். மேற்கத்திய மெட்டில் அமைந்த பாமாலைப் பாட்டுகளின் நான்கு குரல் அமைப்புக்கு ஆர்கன் கச்சிதமாக இருக்கும். ஒருவர் வாசித்தால் போதும், ஒத்திகைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். கையால் துருத்தி போடும் ஆர்மோனியத்துக்கு மின்சாரமும் வேண்டாம்.

குறை இருக்கிறது. அந்த ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் சபை தடுமாறும். கீர்த்தனைகளின் கமகம், அதாவது சுரத்தை வளைத்தும் அசைத்தும் பாடுவது, ஆர்மோனியக் கட்டைகளில் வராது. கீபோர்டு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு: அதில் உள்ள ஸ்டைல் பொத்தானை அழுத்தினால் ஒரு தாளம் தானே ஓடத் தொடங்கும். சபையார் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் அது நிற்காது. நான்கில் அடங்காத சாபு தாளத்தில் அமைந்த கீர்த்தனையை நான்கு எண்ணிக்கையில் அடைத்துவிடும். அந்தப் பொத்தானைத் தொடாமல் வாசிப்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

முழு இசைக்குழு

கீபோர்டு, லீட் கிதார், பேஸ் கிதார், டிரம் செட், பாடுபவர்களுக்குத் தனித்தனி மைக். இன்று வாலிபர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இந்த ஆசையை அற்பமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. சனிக்கிழமை மாலையை ஒத்திகைக்குக் கொடுக்கும் ஒரு பிள்ளை சபைக்குத் தன் நேரத்தையே காணிக்கையாகத் தருகிறது. நேர்த்தியாய் வாத்தியங்களை வாசியுங்கள் என்று சங்கீதம் 33 சொல்வதை அவர்கள் உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தாள வாத்தியம் கூச்சப்படுபவர்களுக்குத் தைரியம் கொடுக்கும் என்பதும் உண்மை. இரட்சணிய சேனை 1878 முதல் பித்தளை வாத்தியக் குழுக்களோடு தெருவுக்குப் போனது, ஆலயத்துக்குள் வராத மக்களைத் தேடித்தான். வெளியிடக் கூட்டம், பண்டிகைப் பவனி, நற்செய்திப் பெருவிழா என்றால் நானும் முழு இசைக்குழுவுக்குத்தான் கை தூக்குவேன். மிரியாமின் தம்புரு ஒலித்ததும் வெட்டவெளியில்தான்.

ஞாயிறு ஆராதனைக்கு, அதுவும் சின்ன அரங்கில், கணக்கு மாறுகிறது. இருபதடிக்கு நாற்பதடி அறையில், தகரக் கூரையும் பூச்சுச் சுவரும் இருக்க, ஒரு அசல் டிரம் செட்டை அடக்கி வாசிப்பது தேர்ந்த கலைஞருக்கே கடினம். டிரம்ஸ் சத்தத்துக்கு மேலே கீபோர்டு, அதற்கு மேலே பாடுபவர்களின் மைக் என்று ஒவ்வொன்றாக ஏறும். கடைசியில் சபையார் பாடுவது அவர்களுக்கே கேட்காது. தன் குரல் தனக்குக் கேட்காதபோது மனிதர் பாடுவதை நிறுத்திவிடுவார். நின்று பார்ப்பார், கை தட்டுவார். அதோடு ஆராதனை மேடைக்காரர்கள் செய்வதும் மற்றவர்கள் பார்ப்பதுமாக ஆகிவிடும். பலிபீடத்துக்கு முன்னால் லேவியர் மக்களுக்காக வாசித்தது சரிதான், அவர்கள் அதற்கென நியமிக்கப்பட்டவர்கள். எல்லாரும் ஆசாரியர் என்று நம்பும் சபையில் எல்லாரும் பாட வேண்டாமா?

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலையிடங்களுக்கான பரவலான பாதுகாப்பு அளவின்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். இரண்டு மணி நேர ஆராதனைக்கு 91 டெசிபல்தான் எல்லை. 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம். சின்ன அறையில் டிரம் செட்டும் ஒலிபெருக்கியும் சேர்ந்தால் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். முன்வரிசையில் உட்காரும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வெளியே இருப்பவர்களும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலை வரம்பாக வைத்திருக்கின்றன. புறம்பேயிருக்கிறவர்களுக்கு முன்பாக ஞானமாய் நடந்துகொள்ளுங்கள் என்று கொலோசெயரில் இருப்பது அடுத்த வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும் பொருந்தும்.

இதையெல்லாம் சமாளிக்கவே முடியாது என்று சொல்லவில்லை. அசல் டிரம்ஸுக்குப் பதில் சத்தத்தைக் குறைக்கக்கூடிய ரிதம் பேட், கையால் தட்டும் கஹோன் பெட்டி, ஒலி அளவைச் சரிசெய்யும் மிக்சரில் உட்கார ஒரு பழகிய ஆள், பாட்டு நடத்துபவருக்கு மட்டும் ஒரு மைக். இவ்வளவும் இருந்தால் இந்த வழி வேலை செய்யும். இதில் பெரும்பாலான சபைகளுக்கு இல்லாமல் போவது அந்தப் பழகிய ஆள்தான். கருவியைக் காணிக்கையாகக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் மிக்சரில் உட்கார ஆள் கிடைக்கமாட்டார்.

நம் வாத்தியங்கள்

நான்காவது வழியைப் பல கமிட்டிகள் பேசுவதே இல்லை. ஆனால் தமிழ்ச் சபையின் சொந்தப் பாட்டு இந்த வழியில்தான் பிறந்தது. தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகத்திலும் தாளத்திலும் வேதத்தைப் பாட்டாக்கினார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் தமிழ் இசையின் சுருதியை ஆராய்ந்து 1917இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பல்லவியைச் சபை பிடித்துக்கொள்ள, சரணத்தை ஒருவர் எடுக்க, மீண்டும் எல்லாரும் பல்லவிக்குத் திரும்புவது கீர்த்தனையின் அமைப்பு. புத்தகம் இல்லாதவரும் பாடலாம். கொலோசெயரின் "ஒருவருக்கொருவர்" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியாது.

இந்தப் பாட்டுக்கு வயலின், மிருதங்கம் அல்லது டோலக், ஜால்ரா போதும். வயலின் கமகத்தைக் குரலோடு சேர்ந்து வளைத்துக் கொடுக்கும். கை வாத்தியங்கள் மைக் இல்லாமலே நூறு பேருக்குப் போதுமான சத்தம் தரும், பாட்டை மூழ்கடிக்காது. நரம்பு வாத்தியத்தோடு ஒரு கைத்தாளம் என்ற எருசலேம் ஆலயத்தின் அளவையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

"மேளம் கோயிலுக்குரியது, பறை சாவுக்குரியது" என்று தயங்குபவர்கள் உண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையைப் பாருங்கள். ஆப்பிரிக்க மண்ணின் கெபெரோ என்ற பெரிய தோல் மேளமும் குலுக்கும் உலோகக் கிலுகிலுப்பையும் அவர்கள் வழிபாட்டில் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. தமிழகத்தில் மதுரை இறையியல் கல்லூரியின் தியாப்பிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். பறையைச் சாதியின் அடையாளமாக்கி அதை வாசித்தவர்களை ஊர் தள்ளிவைத்திருந்தது. அந்த வாத்தியம் ஆலயத்துக்குள் மரியாதையோடு ஒலிப்பது ஆமோஸ் கேட்ட நியாயத்துக்கும் சேர்த்து ஒரு பதில் என்றே நினைக்கிறேன். ஆனால் பறை வெட்டவெளியின் வாத்தியம், மூடிய அறையில் பலமாகக் கேட்கும். பவனிக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் மிகப் பொருத்தம், வாராவாரம் உள்ளே வாசிக்க அடக்கிய கை வேண்டும்.

இந்த வழியின் உண்மையான தடை, கற்றவர்கள் குறைவு என்பதுதான். பாட்டு வாத்தியார் ஒருவரிடம் சில வருடங்கள் உட்கார வேண்டும். பாமாலையில் உள்ள மேற்கத்திய ராகங்களுக்கு மிருதங்கம் சேராது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். தோல் வாத்தியத்தை மழைக்காலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எது?

ஆராதனையில் கட்டளையிடப்பட்டதை மட்டுமே செய்ய வேண்டும் என்று உங்கள் சபை மனச்சாட்சியில் உறுதியாக இருந்தால் முதல் வழியைத் தவிர வேறு எதையும் எடுக்கக்கூடாது. வாலிபர்களைத் திருப்திப்படுத்த மனச்சாட்சியை மிதிப்பது ரோமர் 14க்கு விரோதம். ஆனால் வாத்தியத்தை நீக்கினால் மட்டும் போதாது. நன்றாகப் பாடப் பழகுங்கள்.

முந்நூறு பேருக்கு மேல் கூடும் பெரிய அரங்கு, பயிற்சி பெற்ற நான்கைந்து பேர், மிக்சருக்குப் பொறுப்பான ஒருவர் எல்லாம் ஏற்கெனவே இருந்தால் முழு இசைக்குழுவை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் சத்த அளவைக் கைப்பேசிச் செயலியிலாவது அவ்வப்போது பாருங்கள்.

மற்ற எல்லாச் சபைகளுக்கும், அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, நான் சொல்வது இரண்டாவது வழியும் நான்காவது வழியும் சேர்ந்த ஒன்று. பாமாலைக்கு ஆர்மோனியமோ கீபோர்டோ, கீர்த்தனைக்கு அதோடு டோலக்கும் ஜால்ராவும், வயலின் தெரிந்தவர் இருந்தால் வயலினும். திருவிருந்து நேரத்திலும் பெரிய வெள்ளியன்றும் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுக் குரலால் மட்டும் பாடுங்கள். கத்தோலிக்க மரபில் பெரிய வியாழன் இரவு முதல் உயிர்ப்பு விழிப்பு ஆராதனை வரை ஆர்கன் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தால் உயிர்ப்பின் பாட்டு எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு ஞாயிறு கடைசி பெஞ்சில் கைப்பேசியை வைத்து ஆராதனையைப் பதிவு செய்து கமிட்டி முழுவதும் சேர்ந்து கேளுங்கள். மேடையில் உள்ளவர்களின் குரலும் வாத்தியமும் மட்டும் கேட்டால், புதுக் கருவி எதையும் சேர்க்காதீர்கள், இருப்பதைக் குறையுங்கள். சபையாரின் குரல் கேட்டு, ஆனால் சுருதியும் தாளமும் தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கும் ஒரு வாத்தியத்தை மட்டும் வாங்குங்கள்.

கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கற்றுக்கொடுக்க வைத்துவிடுங்கள். 1 நாளாகமம் 25:8இல் ஆசானும் மாணாக்கனும் ஒன்றாகச் சீட்டுப் போட்டுத் தங்கள் முறையைத் தெரிந்துகொள்கிறார்கள். தாவீதின் இசைப்பணியில் கற்றுக்கொண்டிருந்தவர்களுக்கும் இடம் இருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் காது நன்றாக உள்ள இரண்டு பிள்ளைகளைப் பாருங்கள், ஒன்று பெண் பிள்ளையாக இருக்கட்டும். ஒருவரை ஆர்மோனியத்துக்கும் ஒருவரை டோலக்குக்கும் ஊரில் உள்ள வாத்தியாரிடம் அனுப்புங்கள். மாதச் சம்பளத்தைச் சபை கொடுக்கட்டும். ஆறு மாதம் கழித்து மாலை ஜெபக்கூட்டத்தில் ஒரு பாட்டுக்கு அவர்களை வாசிக்கவிடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.